பழைய சிட்ரோயனின் ஹைட்ராலிக்: ஸ்பேனரை எடுக்கும் முன் காதைக் கொடுங்கள்

சஸ்பென்ஷனே ஆயில் அழுத்தத்தில் ஓடும் பழைய சிட்ரோயன் கார்களில் டிஎஸ், ஜிஎஸ், சிஎக்ஸ், பிஎக்ஸ் எந்த மாடலாக இருந்தாலும் சரி, "ஹைட்ராலிக் போய்விட்டது" என்று சொல்லி ஓரங்கட்டப்பட்ட வண்டிகளில் பாதிக்கு மேல் உண்மையில் பெரிதாக எதுவும் போயிருக்காது. ஆயில் மாற்றி வருஷக்கணக்காகியிருக்கும், ஃபில்டர் அடைத்திருக்கும், ஸ்பியர்களில் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் கேஸ் அடைத்த உருண்டைகளில்) கேஸ் இறங்கியிருக்கும், ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும். இந்த நாலையும் முதலில் பாருங்கள். பம்பைக் கழற்றுவதும், வண்டியின் உயரத்தைச் சீராக வைக்கும் ஹைட் கரெக்டரைப் பிரிப்பதும் கடைசி. இந்த வரிசையை மாற்றிச் செய்துதான் பலர் காசையும் பொறுமையையும் தொலைக்கிறார்கள்.

எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிட்ரோயன் பொறியாளர் பால் மாஜெஸ் வடிவமைத்த இந்த ஏற்பாடு 1954-ல் டிராக்ஷன் 15-சிக்ஸ் எச் வண்டியின் பின்பக்கத்தில் மட்டும் வந்தது, அடுத்த வருஷம் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் டிஎஸ் வந்தபோது நாலு சக்கரத்துக்கும் போய்விட்டது. எஞ்சினால் சுற்றும் ஒரு பம்ப் தொட்டியிலிருந்து ஆயிலை இழுத்து அழுத்தம் ஏற்றுகிறது. ரெகுலேட்டர் அதை ஏறக்குறைய 145-க்கும் 170 பாருக்கும் நடுவில் வைத்திருக்கிறது. ரெகுலேட்டரோடு ஒட்டியிருக்கும் அக்யூமுலேட்டர் ஸ்பியர் கொஞ்சம் அழுத்தத்தைச் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சிலிண்டர், அதன் தலையில் ஒரு ஸ்பியர். ஸ்பியருக்குள் ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் நைட்ரஜன். அந்த நைட்ரஜன்தான் ஸ்பிரிங். பிரேக்கும் இதே ஆயிலில்தான் ஓடுகிறது, சில மாடல்களில் ஸ்டியரிங்கும். அதனால் சஸ்பென்ஷன் பராமரிப்பு என்று இதைத் தனியாக நினைக்காதீர்கள், நீங்கள் கை வைப்பது பிரேக்கில்.

முதல் வேலை ஆயிலின் நிறம். 1966 இலையுதிர்காலம் வரை வந்த டிஎஸ்களில் எல்எச்எஸ் என்ற சிவப்பு செயற்கைத் திரவம். அதற்குப் பிறகு எல்எச்எம், பச்சை, மினரல் ஆயில். அமெரிக்காவுக்குப் போன வண்டிகள் இன்னும் சில வருஷம் சிவப்பிலேயே இருந்தன. பச்சை ஆயில் வண்டிகளில் ஹைட்ராலிக் பாகங்களுக்கும் பச்சைப் பெயின்ட் அடித்திருப்பார்கள், சிவப்பு ஆயில் வண்டியில் அவை கருப்பாக இருக்கும். இரண்டுக்கும் ரப்பர் வேறு. பச்சை வண்டியில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் ஊறி வீங்கிப் போய்விடும், அதற்கப்புறம் முழு அமைப்பையும் பிரித்து சீல் மாற்றுவது தவிர வழியில்லை. யாராவது தெரியாமல் ஊற்றிவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள், தொட்டியில் இருக்கும்போதே வடித்துவிடுங்கள். 2001-க்குப் பிறகு வந்த சி5-ல் இருக்கும் ஆரஞ்சு நிற எல்டிஎஸ் இன்னொரு தனி ஜாதி, அதையும் பச்சையோடு கலக்கக் கூடாது. சுத்தம் செய்வதிலும் இந்தப் பேதம் உண்டு: பச்சை வண்டிப் பாகங்களைப் பெட்ரோலில் கழுவலாம், சிவப்பு வண்டிப் பாகங்களை ஆல்கஹாலில்தான் கழுவ வேண்டும்.

சிவப்பு வண்டி வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எல்எச்எஸ் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் அசையாமல் நிறுத்தி வைத்தால் உள்ளே துரு பிடிக்கும், அந்தத் துரு வால்வுகளைக் கீறும். எல்எச்எஸ் பெயின்ட்டையும் கெடுக்கும், சிந்தியவுடன் துடைத்துவிடுங்கள்.

சரி, இப்போது காதைக் கொடுக்கும் வேலை. எஞ்சினைச் சூடாக்கி ஐடிலில் விடுங்கள், உயரக் கம்பியை (வண்டியை ஏற்றி இறக்கும் லீவரை) சாதாரண நிலையில் வையுங்கள், ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் தொடாதீர்கள். பானெட்டைத் திறந்து ரெகுலேட்டர் பக்கம் நின்றால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பம்ப் அழுத்தம் ஏற்ற ஆரம்பிக்கும்போது ஒன்று, போதும் என்று ரெகுலேட்டர் விடும்போது ஒன்று. விட்டதிலிருந்து மறுபடி ஏற்ற ஆரம்பிக்கும் வரை எவ்வளவு நேரம் என்று எண்ணுங்கள். அரை நிமிஷத்துக்கு மேல் என்றால் நிம்மதியாக இருக்கலாம். நாலைந்து வினாடிக்கு ஒரு தடவை டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தால் விஷயம் இருக்கிறது.

இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் வேகமான டிக் சத்தத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டும் வேறு வேறு விதமாகக் கேட்கும். ஏற்றுவதும் சட்டென்று முடிகிறது, இறங்குவதும் சட்டென்று நடக்கிறது என்றால் அக்யூமுலேட்டர் ஸ்பியரில் கேஸ் இல்லை. சேமிக்க இடமில்லாததால் கொஞ்சம் ஆயில் போனாலே அழுத்தம் விழுகிறது, கொஞ்சம் வந்தாலே நிரம்பிவிடுகிறது. அதற்கு மாறாக, ஏற்றுவதற்கு ரொம்ப நேரம் எடுத்து, இறங்குவது மட்டும் வேகமாக இருந்தால் உள்ளே எங்கோ ஆயில் கசிந்து தொட்டிக்குத் திரும்புகிறது, அல்லது பம்ப் தளர்ந்திருக்கிறது. முதல் வகைக்கு ஒரு ஸ்பியர் மாற்றினால் போதும். அதைச் செய்யாமல் அப்படியே ஓட்டினால் பம்புக்கும் ரெகுலேட்டருக்கும் ஓய்வே கிடைக்காமல் அவையும் கெடும். எஞ்சின் நின்றுபோனால் பிரேக்குக்குக் கையிருப்பு அழுத்தமும் குறைவாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்து இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய சேதத்தைத் தடுக்கும் பாகம் இந்த வண்டிகளில் வேறு இல்லை, அதனால் எதை ஒத்திப்போட்டாலும் இதை ஒத்திப்போடாதீர்கள்.

சக்கர ஸ்பியர்களைச் சோதிப்பது இன்னும் சுலபம். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு மூலையாக பம்பர் பக்கம் கையை ஊன்றி அழுத்துங்கள். மெதுவாக உள்வாங்கி எழுந்தால் நல்லது. கல் மாதிரி நின்றால் கேஸ் போய்விட்டது. ஸ்பியர் நன்றாகவே இருந்தாலும் நைட்ரஜன் சவ்வு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டேதான் இருக்கும், அதனால் சில வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவதோ நிரப்புவதோ இயல்பான பராமரிப்பு, பழுது அல்ல. பழைய டிஎஸ் ஸ்பியர்கள் இரண்டு பாதியாகத் திருகிப் பொருத்தியவை, பிரித்து சவ்வு மாற்றலாம். பின்னால் வந்தவை பிரிக்க முடியாதவை. எதில் நிரப்பினாலும் நைட்ரஜன் மட்டும்தான். ஆக்ஸிஜன் அழுத்தத்தில் ஆயிலைத் தொட்டால் வெடிக்கும்.

பின்பக்கம் குதிக்கிறது, கடினமாக இருக்கிறது என்று ஸ்பியரை மாற்றியும் குணமாகவில்லையா? ஜிஎஸ், பிஎக்ஸ் போன்றவற்றில் பின் ஆர்ம் பேரிங் தேய்ந்து இறுகியிருக்கும். பின்னால் நின்று பாருங்கள், சக்கரத்தின் மேற்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இதற்கு ஹைட்ராலிக் பொறுப்பில்லை.

ஸ்பியர் கழற்றும் முன் அழுத்தத்தை இறக்க வேண்டும். உயரக் கம்பியை மிகத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுபோங்கள், வண்டி முழுவதும் உட்காரட்டும், எஞ்சினை நிறுத்துங்கள், அப்புறம் ரெகுலேட்டரில் இருக்கும் பிளீட் ஸ்குருவை ஒரு சுற்று, மிஞ்சிப்போனால் ஒன்றரை சுற்று தளர்த்துங்கள். 'ஸ்ஸ்' என்று ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சத்தம் கேட்கும். முழுவதும் கழற்றிவிடாதீர்கள், அடியில் ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்கிறது, அது உருண்டு போனால் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வண்டி உயரமாக இருக்க வேண்டிய வேலை என்றால் முதலில் ஜாக்கியில் தூக்கி நல்ல ஸ்டாண்டுகளில் நிறுத்திவிட்டு அப்புறம் அழுத்தத்தை இறக்குங்கள். தன் சஸ்பென்ஷனில் மட்டும் உயர்ந்து நிற்கும் சிட்ரோயனுக்கு அடியில் ஒரு வினாடிகூடப் போகக் கூடாது. ஒரு பைப் விட்டால் வண்டி அப்படியே தரைக்கு வந்துவிடும். இதில் சமரசமே கிடையாது.

ஸ்பியர் இறுகியிருக்கும். செயின் ரெஞ்ச் அல்லது ஸ்ட்ராப் ரெஞ்ச் போட்டு இழுத்தால் வரும், உளியும் சுத்தியலும் வேண்டாம். கழற்றியதும் அது உட்காரும் முகத்தைத் துணியால் துடைத்து, பழைய ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பலருக்கு மாற்றிய பிறகு கசிவதற்குக் காரணம் பழைய வளையத்தின் மேலேயே புது வளையம் போட்டதுதான். புது வளையத்தை அந்த வண்டிக்குரிய ஆயிலில் நனைத்து உட்காரவைத்து, கையால் எவ்வளவு இறுகுமோ அவ்வளவு இறுக்குங்கள், அது போதும். சீல் பிடிப்பது ஆயிலின் அழுத்தத்தால், உங்கள் பலத்தால் அல்ல. கையால் இறுக்கியதே அடுத்த தடவை கழற்றும்போது ரெஞ்ச் கேட்கும் அளவுக்கு இறுகியிருக்கும். இன்னொன்று, முன்பக்க ஸ்பியரும் பின்பக்க ஸ்பியரும் ஒன்றல்ல. கேஸ் அழுத்தமும் வாயில் இருக்கும் டாம்பர் துளையும் (ஆயில் ஓட்டத்தைத் தடுத்துக் குலுக்கலை அடக்கும் சின்னத் துளை) மாடலுக்கு மாடல் மாறும். மேலே அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், திருகு பொருந்துகிறது என்பதற்காகப் போட்டுவிடாதீர்கள்.

ஆயில் மாற்றும்போது தொட்டியையும் சேர்த்துக் கழற்றிக் கழுவுங்கள். உள்ளே சல்லடை மாதிரி ஃபில்டர்கள் இருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் நல்ல ஃபில்டரில் வெளிச்சம் ஒரே சீராக வரும். கவனிக்காமல் விட்டதில் கண்ணி முழுக்க கருப்பு மாவு படிந்து மூலைகளில் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும். பெட்ரோலில் (சிவப்பு வண்டியில் ஆல்கஹாலில்) அலசி, உள்ளிருந்து வெளியே காற்று அடித்து, காயவைத்துப் போடுங்கள். கிழிந்திருந்தால் புதிது வாங்குங்கள். பம்ப் இழுக்க முடியாமல் முனகுகிறது, வண்டி எழுவதற்கு நேரமாகிறது என்ற புகார்களில் நிறைய இங்கேயே முடிந்துவிடும். பச்சை வண்டியில் பழைய ஆயில் கருத்து, எரிந்த வாடை அடித்தால் டோட்டல் விற்கும் ஹைட்ரோரன்சாஜ் என்ற கழுவும் திரவத்தைக் குறுகிய காலம் போட்டு ஓட்டி, வடித்துவிட்டு, ஃபில்டரை மறுபடி கழுவி, புது எல்எச்எம் ஊற்றலாம். அதையே நிரந்தரமாக விட்டுவிடக் கூடாது.

புது ஆயில் ஊற்றியதும் பிளீட் ஸ்குரு தளர்ந்த நிலையிலேயே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, பம்ப் ஆயிலைப் பிடித்துக்கொண்டதும் ஸ்குருவை மூடுங்கள். பிடிக்கவில்லை என்றால் பம்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றி அதிலேயே கொஞ்சம் ஆயில் ஊற்றி மாட்டுங்கள், காய்ந்த பம்பை நிமிஷக்கணக்கில் ஓடவிடாதீர்கள். அப்புறம் உயரக் கம்பியை மேலே, கீழே, மேலே, கீழே என்று பல தடவை நகர்த்துங்கள், ஒவ்வொரு தடவையும் வண்டி முழுவதும் எழுந்து முழுவதும் உட்காரும் வரை காத்திருந்து. இதற்கு சிட்ரோபிக்ஸ் என்று பெயரே உண்டு. உள்ளே மாட்டியிருக்கும் காற்று தொட்டிக்குத் திரும்பிவிடும். கடைசியில் எஞ்சின் ஓட, வண்டி மிக உயர்ந்த நிலையில் நிற்க, அப்போதுதான் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். தாழ்ந்த நிலையில் பார்த்தால் எல்லா ஆயிலும் தொட்டிக்குள் வந்திருக்கும், நிறைய இருப்பது போலத் தெரிந்து ஏமாந்துபோவீர்கள்.

கசிவு என்றால் முதலில் எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தரையில் பச்சைக் குட்டை கட்டியிருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஆயிலைத் தொட்டிக்குத் திருப்பும், அழுத்தம் இல்லாத ரிட்டர்ன் ஹோஸ்கள்தான்: ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், அல்லது பல கிளையாகப் பிரியும் அந்தக் கொத்து ரப்பரில் ஒரு கால் விரிசல் விட்டிருக்கும். சிலிண்டரின் தூசி உறையும் அடிக்கடி கிழியும், அதில் சேர்ந்த ஆயில் வழியும்போது சிலிண்டரே போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள். அழுத்தப் பக்கக் கசிவு வேறு: புகை மாதிரி மெல்லிய தெளிப்பாக வரும். அதை விரலால் தேடாதீர்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலுக்குள் புகுந்துவிடும், வலி குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், ஈரம் எங்கே படிகிறதோ அங்கே.

இரும்புப் பைப்கள் மெல்லியவை, பெரும்பாலும் 3.5 அல்லது 4.5 மில்லிமீட்டர். அடிப்பக்கம் துரு பிடிக்கும் இடங்களைக் கம்பித் தூரிகையால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள், குழி தெரிந்தால் மாற்றிவிடுங்கள். இணைப்புகளில் பைப் நுனியில் ஒரு சின்ன ரப்பர் ஸ்லீவ் உண்டு. பைப் நுனி ஸ்லீவைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டி நிற்க வேண்டும், துளைக்குள் நேராக அடிவரை போக வேண்டும், நட்டைக் கையால் சுற்றி ஓட்டிய பிறகுதான் ஸ்பேனர். கசிகிறதே என்று நட்டை மேலும் மேலும் முறுக்குவது பைப்பை நசுக்குவதில்தான் முடியும். ஸ்லீவ் புதிதாகப் போட்டு நேராக மாட்டினால் மிதமான இறுக்கமே போதும்.

ஹைட் கரெக்டர் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் இணைப்புக் கம்பிகள் காய்ந்து சிக்கிக்கொள்வதால்தான் உயரம் ஒரேயடியாக ஏறுவதும் இறங்குவதும் நடக்கும், வருஷம் ஒரு தடவை சுத்தம் செய்து கிரீஸ் வையுங்கள். கரெக்டரின் உள்பாகங்கள் மிக நுணுக்கமாகக் கடைந்தவை, அழுக்கான மேஜையில் பிரிப்பதைவிடப் பிரிக்காமல் விடுவதே நல்லது. இரவில் வண்டி இறங்கிவிடுகிறதே என்று கவலைப்படுபவர்களுக்கு: பின்னால் வந்த எக்ஸ்எம், சாந்தியா மாடல்களின் காலத்தில் இறங்காமல் தடுக்கும் வால்வு வரும் வரை எல்லாமே இறங்கத்தான் செய்யும். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு நிமிஷத்துக்குள் எழுந்து நின்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். சிவப்பு அழுத்த விளக்கு அணையும் வரை மட்டும் நகர்த்தாதீர்கள், ஓடும்போது அது எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்துங்கள், பிரேக்குக்கு மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.