ஹோம்ஸ்டேக்கு வரி வருதுன்னா எங்க போய் எப்படிப் பேசணும்? நாம பண்ற தப்புக

ஆழியாறு பக்கம் தோட்டத்துச் சாளையில ரெண்டு ரூம் வாடகைக்கு விடறேனுங்க. எங்க ஹோம்ஸ்டே ஓனருக வாட்ஸப் குரூப்ல வருசத்துக்கு ரெண்டு தடவையாவது "தங்கற ரூமுக்குப் புது வரி போடறாங்களாம்"னு ஒரு மெசேஜ் வரும், உடனே பொள்ளாச்சில இருந்து வால்பாறை ஏற்காடு வரைக்கும் ஆளாளுக்கு ஆடியோ போட்டுப் பொங்குவாங்க, ஆனா அது எந்த வரி, யார் போடறாங்க, எந்தத் தேதிக்குள்ள பதில் சொல்லணும்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

நாம பண்ற மொதத் தப்பே அதுதானுங்க, போற வாசல் தப்பு. ஜிஎஸ்டி பத்திப் பேசறதுக்கு ஊராட்சித் தலைவர்கிட்ட போய் நின்னா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. அது மத்திய, மாநில அமைச்சருக சேர்ந்த ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு பண்றது, நம்ம மாநில நிதி அமைச்சரும் அதுல உறுப்பினர், அதனால மனு அவருக்கும் வணிகவரித் துறைக்கும் போகணும். சொத்து வரின்னா நகராட்சி, பேரூராட்சி. கிராமத்துல வீட்டு வரி, லைசன்ஸ் கட்டணம்னா ஊராட்சி. கரண்டு பில்லுல வீட்டு ரேட்டா கடை ரேட்டாங்கறது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். நாலும் நாலு வாசல்.

எது நம்ம மேல விழுதுன்னும் தெரிஞ்சு வெச்சுக்கணும். அப்பல்லாம் மாநில அரசு தனியா ஆடம்பர வரின்னு ஒண்ணு வாங்கிட்டிருந்தது, 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்ப அதுக்குள்ள போயிருச்சு. ஒரு நாளைக்கு 1,000 ரூவாய்க்குக் கீழ இருக்கற ரூமுக்கு மொதல்ல ஜிஎஸ்டி இல்ல, 2022 ஜூலை 18ல இருந்து 12 சதவீதம் போட்டாங்க, அப்புறமாட்டு 2025 செப்டம்பர் 22ல இருந்து 7,500 ரூவா வரைக்கும் உள்ள ரூமுக்கு 5 சதவீதம்னு எறக்குனாங்க, ஆனா நாம வாங்கற சாமானுக்குக் கட்டற வரியை அதுல கழிச்சுக்க முடியாது. வருச வரவு 20 லட்சத்துக்குள்ள இருந்தா நாம ஜிஎஸ்டி பதிவு பண்ண வேண்டியதில்ல, ஆனா ஏர்பிஎன்பி மாதிரி ஆப் வழியா வர்ற புக்கிங்குக்கு அந்தக் கம்பெனியே வரியை வாங்கிக் கட்டிரும். இது தெரியாம "எங்க மேல வரி போட்டு கொல்றீங்க"ன்னு எழுதிக் குடுத்தா, படிக்கற அதிகாரி மொத வரியிலயே மனுவைக் கீழ வெச்சிருவாரு.

அடுத்தது கெடு. சொத்து வரி ஏத்தறதுக்கு முன்னால பேப்பர்ல அறிவிப்பு போட்டு ஆட்சேபணை கேப்பாங்க, பெரும்பாலும் 30 நாள் இருக்கும். 2022ல அப்படித்தான் ஏத்துனாங்க, சென்னை தவிர மத்த ஊர்ல 600 சதுர அடிக்குள்ள இருக்கற குடியிருப்புக்கு 25 சதவீதம், வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம். ரெண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்க. நம்ம வீட்டை எந்தக் கணக்குல எழுதறாங்கங்கறதுதான் நம்ம பொழப்பே. எங்க சித்தப்பா பையன் வீடு ஒரு பேரூராட்சிக்குள்ள இருக்குது, முன்னால ரெண்டு ரூம் வாடகைக்கு, பின்னால அவங்க குடும்பம். அந்த அறிவிப்பு வந்த பேப்பர் அவங்க வீட்டுத் திண்ணையிலயே கெடந்தது, யாரும் உள்பக்கத்தைப் பொரட்டிப் பார்க்கல. வீடு பூராவும் வணிகம்னு சீட்டு வந்த பின்னாடிதான் ஓடுனான், நானும் கூடப் போனேன், பேரூராட்சி ஆபீஸ்ல "இதை அப்பவே சொல்லியிருக்கணுங்க"ன்னு ஒரே வார்த்தை. அன்னைக்கு அவன் மொகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கல.

பேசற முறைக்கு வர்றேன், எனக்கு ரொம்ப வெசனமான எடம் இதுதான். ஒரே கடுதாசியை ஜெராக்ஸ் எடுத்து அம்பது பேர் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறோம், "வரியை ரத்து செய்யவும்"னு ஒத்த வரி. அதுக்குப் பதிலா அஞ்சே பேர் அவங்கவங்க கணக்கு நோட்டோட போகலாம். என்னோட நோட்டுல இருக்கறதையே சொல்றேன். ஒரு ரூம் 2,500 ரூவா, மே மாசம் எட்டு நாள் ரெண்டு ரூமும் ரொம்புனா 40,000. சமைக்கற அக்காவுக்கு 9,000, கூட்டித் தொடைக்கறவங்களுக்கு 6,000, கரண்டு, கேஸ், துணி வெளுக்கறது 7,000, மிச்சம் 18,000. அதே ஜூலையில மழை புடிச்சா வரவு 20,000, சம்பளம் அதே 15,000, மத்த செலவு 4,000, கையில நிக்கறது 1,000. இதைக் காட்டிட்டு "வருசத்துக்கு இவ்வளவுன்னு மொத்தமா போடாதீங்க, ஆள் தங்குன ராத்திரிக்கு இவ்வளவுன்னு போடுங்க"ன்னு கேட்டா அது ஒரு யோசனையா நிக்கும். வரவே இல்லாத மாசத்துக்கும் சேர்த்துக் கட்டறது எவ்வளவு பாரம்னு அவங்களுக்கு எண்ணுல தெரியணும். வர்ற பணத்துல குப்பை அள்ளறதுக்கும் ரோட்டோரம் கக்கூஸ் கட்டறதுக்கும் இவ்வளவு ஒதுக்குங்கன்னும் கேளுங்க, நாளைக்கு உள்ளூர்க்காரங்க நம்ம பக்கம் நிப்பாங்க.

அந்த அக்காவையும் ஜீப் ஓட்டற பசங்களையும் நாம கூட்டிட்டே போறதில்ல, ஓனருக மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போய் ஒக்காந்துக்கறோம். அவங்க சம்பளம் இதுல இருக்குதுன்னு அவங்க வாயால சொன்னாத்தான் கேக்கறவங்களுக்கு ஒறைக்கும்.

எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டறதும் தப்புங்க. குடும்பத்தோட அங்கயே இருந்து ரெண்டு ரூம் விடறவங்களும், வெளியூர்ல இருந்துட்டு இங்க பத்து வில்லா கட்டி மேனேஜர் போட்டு நடத்தறவங்களும் ஒண்ணு கெடையாது. நமக்குத் தனிப் பிரிவு வேணும்னு தெளிவா கேக்கணும். அதுக்கு மொதல்ல சுற்றுலாத் துறையில பதிவு பண்ணியிருக்கணும், இல்லீன்னா நாம வாயைத் தொறந்த ஒடனே "உங்க லைசன்ஸ் எங்க"ன்னு கேப்பாங்க. அந்தப் பயத்துலயே பாதிப் பேர் கூட்டத்துக்கு வர்றதில்ல.

கிராம சபைக்கு வர்றதும் இல்ல. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருசத்துல ஆறு நாள். மே 1ஆந் தேதி நமக்கு ஆள் ரொம்பி வழியற நேரம், இருந்தாலும் வீட்டுல ஒருத்தராவது போகோணும், பேசுனதைத் தீர்மான நோட்டுல எழுத வெச்சுட்டு வரோணும். கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கெழம மனுக் குடுத்தா ரசீது வாங்காம நகராதீங்க. பதிலே வரலீன்னா 10 ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 30 நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும்.

ஒரு தடவை போய்ட்டு விட்டுறவும் கூடாது. பல்லடம், சோமனூர் தறிக்காரங்களைப் பாருங்க. 2022 ஆகஸ்ட்ல கரண்டு ரேட்டு ஏத்தறது பத்தி கோயமுத்தூர்ல கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்துச்சு, அதுக்கப்புறமும் ரேட்டு ஏறத்தான் செஞ்சது, அவங்க விடாம பேசிட்டே இருந்தாங்க, 2023 மார்ச்ல இருந்து விசைத்தறிக்கு 750 யூனிட் இலவசங்கறது 1,000 ஆச்சு. நம்ம குரூப்ல அடுத்த தடவை அந்த மெசேஜ் வந்தா ஆடியோ போடறதுக்கு முன்னால அறிவிப்பு வந்த பேப்பரை போட்டோ எடுத்துப் போடுங்க, கடைசித் தேதியை வட்டம் போட்டு.