சுருள்முடியும் அலுவலகத் தோற்றமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் கூந்தலுக்கு நேரும் சேதங்களில் பல, நேர்காணலுக்கோ புதிய வேலைக்கோ முன்பாக முடியை எப்படியாவது படிய வைத்துவிட வேண்டும் என்ற அச்சத்தில் நேர்பவை. ஆகவே கூந்தல் பராமரிப்பையும் அலுவலகத்தின் எதிர்பார்ப்பையும் தனித்தனியாகப் பேசுவதே முதல் தவறு என்று கருதுகிறேன்.

இறுகச் சுருண்ட முடியின் இயல்பை அறியாமல் அதைப் பேண முடியாது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை சுருள்களின் வழியே நுனிவரை எளிதில் இறங்குவதில்லை என்பதால் நுனி வறண்டு, முடி தன் வளைவுகளில் ஒடிகிறது. இத்தகைய முடிக்கு வாரம் ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ ஷாம்பு போட்டால் போதும். 'சுத்தமாகத் தெரிய வேண்டும்' என்று தினமும் போடுவது இருக்கும் பசையையும் போக்கிவிடும். உலர்ந்த முடியை வேரிலிருந்து சீவுவது அதைவிடக் கெடுதல். ஈரத்தில் கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். எண்ணெய் ஈரம் தராது, உள்ள ஈரத்தைக் காக்க மட்டுமே செய்யும். தேங்காய் எண்ணெயில் வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கலாம்.

முடியை நேராக்கும் ரிலாக்சர்களில் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுங்காரங்கள் உள்ளன. அவை முடியின் புரதப் பிணைப்புகளை உடைக்கின்றன, தலைத்தோலையும் சுட்டுப் புண்ணாக்கக்கூடும். ஏற்கெனவே நேராக்கிய பகுதியின் மீதே மீண்டும் பூசுவது பரவலான தவறு. புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும், இரண்டு முதல் நான்கு மாத இடைவெளியில் பூசுவதே தோல் மருத்துவர்களின் அறிவுரை. 2022இல் வெளியான அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வு ஒன்று, நேராக்கும் பொருள்களை ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்திய பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் என்று கண்டது. இது தொடர்பைக் காட்டும் முடிவே, காரணத்தை நிறுவியதல்ல. ஆயினும் ஒரு வேலைக்காக ஏற்க வேண்டிய அபாயமாக இது எனக்குப் படவில்லை.

ரிலாக்சரை விட்டவர்கள் பின்னலுக்கு மாறுகிறார்கள். ஆனால் எல்லாப் பின்னலும் பாதுகாப்பானவை என்பதும் தவறே. பின்னும்போது வலித்தாலோ, நெற்றியோரம் சிறு கொப்புளங்கள் தோன்றினாலோ, மயிர்க்கால்கள் இழுபடுகின்றன என்று பொருள். உடனே தளர்த்தினால் முடி மீண்டும் வளரும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் தழும்பேறி, வழுக்கை நிலைத்துவிடும்.

சட்டம் எங்கும் ஒன்றுபோல் காக்கும் என்று நம்பி இருந்துவிடவும் கூடாது. சுருள்முடியை இயல்பாக உருண்டையாய் வளரவிடும் ஆஃப்ரோ முடிக்கு இனப்பாகுபாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 1976இல் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 1981இல், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமான நிறுவனத்தின் பின்னல் தடையை எதிர்த்த வழக்கில், தலையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னும் கார்ன்ரோ பின்னல் பிறப்போடு வருவதல்ல, மாற்றிக்கொள்ளத்தக்கது என்று கூறி நியூயார்க் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. திரிதிரியாகத் திரண்ட சடைமுடியை வெட்ட மறுத்ததால் அலபாமாவில் தமக்குத் தரப்பட்ட வேலையை இழந்த ஒரு பெண்ணின் வழக்கும் 2016இல் அவ்வாறே தோற்றது. இந்த இடைவெளியை நிரப்பவே இயல்பான முடியையும் பின்னல், சடைமுடி போன்றவற்றையும் காட்டிப் பாகுபடுத்துவதைத் தடுக்கும் 'கிரவுன்' சட்டத்தைக் கலிஃபோர்னியா 2019இல் முதலாவதாக இயற்றியது. டெக்சாஸில் அதே பெயரிலான சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்குமான மசோதா 2022இல் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. எனவே ஒருவர் தம் மாநிலத்தில் இச்சட்டம் உள்ளதா என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

வேலைக்கு ஆளெடுக்கும் இடத்தில் இருப்போருக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்க நிறுவனங்களில் அப்பொறுப்பிலிருக்கும் தமிழர்களையும் சேர்த்தே சொல்கிறேன். 'நேர்த்தியான முடி' என்று விதியில் எழுதி, எது நேர்த்தி என்பதை மேலாளரின் கண்ணுக்கு விட்டுவிடக் கூடாது. இயந்திரத்தின் அருகே முடியைக் கட்ட வேண்டும், சமையலறையில் வலை அணிய வேண்டும் என்பன போல, பணியின் தேவையைக் குறித்து எல்லோருக்கும் பொதுவாக எழுதப்படும் விதியே நியாயமானது. சக ஊழியரின் முடியை அனுமதியின்றித் தொடுவதையும், அவர் பின்னலை மாற்றும் நாள்தோறும் அதைப் பேச்சுப்பொருளாக்குவதையும் விட்டுவிட வேண்டும். முடியை மாற்றும்படி வாய்மொழியாகச் சொல்லப்பட்டவர், உடனே ரிலாக்சரைத் தேடிப் போகாமல், அந்த விதியை எழுத்தில் தருமாறு மனிதவளத் துறையிடம் கேட்டு, அந்த உரையாடலின் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.