கிரெட்ஸ்கியா, மெக்டேவிடா? அந்தக் கால ஐஸ் ஹாக்கி நட்சத்திரங்களை இன்றைக்கு எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோமனூரில் ஐஸ் என்றால் சைக்கிள் பெட்டியில் வரும் சேமியா ஐஸ்தான். அப்படிப்பட்ட ஊரில், மாரியம்மன் நோம்பிக்குக் கனடாவின் எட்மண்டனிலிருந்து வந்திருந்த என் அக்கா மகன், வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு என்னிடம் ஐஸ் ஹாக்கிக்காக மல்லுக்கு நின்றான். அவன் படிக்கப் போன நாளிலிருந்து எனக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. அங்கே குளிர்காலத்தில் ராத்திரி 7 மணி ஆட்டம், நமக்குக் காலை 7.30. டீயும் ஆச்சு, ஆட்டமும் ஆச்சு.

"ஏனுங் மாமா, அந்தக் காலத்து கிரெட்ஸ்கி இன்னைக்கு வந்து ஆடுனா மெக்டேவிட் பக்கத்துல நிக்க முடியுமுங்களா?"

அன்று மத்தியானம்தான் அப்பாவின் பழைய தறிக் கணக்கு நோட்டு ஒன்று அட்டத்திலிருந்து அகப்பட்டிருந்தது. அதில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மிச்சம் இருந்தது ஆள் பெயரும் மீட்டரும் மட்டும். ஒருவர் ஷிப்டுக்கு 38 மீட்டர், இன்னொருவர் 24. "முதல் ஆளு பெரிய கை போல" என்று மாப்பிள்ளை தீர்ப்புச் சொல்லிவிட்டான். அப்பா உள்ளேயிருந்தே சிரித்தார். "அட சாமி, அவன் ஓட்டுனது 52 பிக்கு. இவன் ஓட்டுனது 84. பெருக்கிப் பாரு."

பிக் என்பது ஒரு அங்குலத் துணியில் விழும் ஊடை நூலின் எண்ணிக்கை. நெருக்கி அடிக்க அடிக்கத் துணி மெதுவாகத்தான் வளரும். போனை எடுத்துப் பெருக்கினான்: 1976, 2016. தறி ஒன்றே, வேகம் ஒன்றே. 24 மீட்டர்காரர் ஒரு மயிரிழை முன்னால் இருந்தார். ஹாக்கி ரசிகர்கள் பாதிப்பேர் செய்வதும் கரையான் தின்ற நோட்டைப் படிக்கிற வேலைதான். மீட்டர் தெரிகிறது, பிக் தெரிவதில்லை.

வெறும் எண்ணிக்கையை அடுக்குவது

வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இல், 1981-82 சீசனில் வேய்ன் கிரெட்ஸ்கி 92 கோல் போட்டார். 1985-86-இல் கோலும் அசிஸ்ட்டும் (கோலுக்கு வழிவிட்ட பாஸ்) சேர்த்து 215 புள்ளி. இன்றைய நட்சத்திரம் கானர் மெக்டேவிட்டின் உச்சம் 2022-23-இல் 153. கணக்கு முடிந்ததா? இல்லை. 1980-களின் தொடக்கத்தில் ஒரு ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து சராசரியாக 8 கோல் விழுந்தது. 2003-04-இல் அது 5-க்குக் கொஞ்சம் மேலே. இப்போது 6-ஐத் தாண்டி நிற்கிறது. கோல் மலிந்த காலத்தில் போட்ட 50-ம், கோல் வறண்ட காலத்தில் போட்ட 50-ம் ஒன்றாகாது.

அதனால் கிரெட்ஸ்கியின் எண்கள் எல்லாம் ஊதிய பலூன் என்றும் சொல்லிவிட முடியாது. அங்கேதான் மாப்பிள்ளை வழுக்கினான். ஒரு ஆட்டக்காரரை அவரோடு அதே வருஷம், அதே விதியில், அதே கோலிகளுக்கு (வலை காப்பவர்களுக்கு) எதிராக ஆடியவர்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1986-87-இல் கிரெட்ஸ்கிக்கு 183 புள்ளி. அடுத்து வந்த யாரி குர்ரிக்கு 108. கோல் எல்லாருக்கும் மலிவுதானே, மற்றவர்கள் ஏன் 180-ஐத் தொடவில்லை? 2022-23-இல் மெக்டேவிட் 153, அடுத்த லியோன் டிரைசைட்டில் 128. இன்னும் பின்னால் போனால் 1952-53-இல் கார்டி ஹவ் 95, அடுத்த டெட் லிண்ட்சே 71. 95 என்ற எண் இன்றைக்குப் பார்க்கச் சின்னது. ஆனால் ஆட்டத்துக்கு 5 கோல்கூடச் சராசரி வராத, 70 ஆட்டமே இருந்த சீசன் அது. அடுத்தவனைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அந்த அளவுகோலில் ஹவ்வின் அந்த வருஷம் மெக்டேவிட்டின் 153-ஐவிடக் கனமானது என்பேன். இதைக் கேட்டு மாப்பிள்ளை கட்டிலிலிருந்தே எழுந்துவிட்டான்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. குர்ரியும் டிரைசைட்டிலும் அந்தந்த நட்சத்திரத்தின் சொந்த அணிக்காரர்கள். ஒருவர் பாஸ் கொடுக்க மற்றவர் போட என்று இருவர் எண்ணும் பின்னிக்கிடக்கும். இரண்டாம் ஆளோடு நிறுத்தாமல் முதல் பத்துப் பேரைப் பார்ப்பது நல்லது.

சீசனின் நீளத்தையும் மறக்கக் கூடாது. மொரீஸ் ரிச்சர்ட் 1944-45-இல் 50 ஆட்டத்தில் 50 கோல் போட்டார்; அப்போது சீசனே அவ்வளவுதான். பிற்பாடு அது 70, 80, 82 என்று நீண்டது. "அப்ப நல்ல ஆளுக எல்லாம் போருக்குப் போயிட்டாங்க, மாமா" என்பான். உண்மைதான். ஆனால் போர் முடிந்து எல்லாரும் திரும்பி வந்த பிறகும் அதே ரிச்சர்ட் 1946-47-இல் 45 கோலோடு முதலிடத்தில் இருந்தார். ஒரு காரணம் கிடைத்ததும் ஆளையே தள்ளுபடி செய்வது சோம்பேறித்தனம்.

கோலியை மறப்பது

எனக்கு மிகவும் கடுப்பேற்றுவது இது. கோல் போட்டவனைப் பற்றியே பேசுவார்கள். யாருக்கு எதிராகப் போட்டான் என்று கேட்கவே மாட்டார்கள்.

என்.எச்.எல்.-இல் கோலி ஜாக் பிளான்ட் முகமூடி மாட்டிக்கொண்டு நின்றது 1959 நவம்பர் 1-ஆம் தேதி, அதுவும் ஒரு ஷாட்டில் முகம் கிழிந்து தையல் போட்ட பிறகு. அதுவரை வெறும் முகத்தோடு நிற்பதுதான் வழக்கம். அதற்குப் பிறகும் வெகுகாலம் கால் பேடுகள் தோலால் ஆனவை. உள்ளே மயிர் அடைத்திருக்கும். ஆட்டம் போகப் போகத் தண்ணீர் குடித்துக் கனக்கும், கடைசிப் பாதியில் காலைத் தூக்குவதே பாடு. பெரும்பாலோர் நின்றுகொண்டே தடுத்தார்கள். பாட்ரிக் ரோவா வந்து முட்டியை உள்பக்கம் மடக்கி, காலை இரு பக்கமும் விரித்து, வலையின் அடிப்பகுதியை மூடும் பட்டாம்பூச்சி முறையைப் பரப்பினார். கூடவே பேடுகள் லேசாகவும் பெரிதாகவும் ஆயின. பெரிதானது அளவுக்கு மீறிப்போய் 2005-இல் லீக்கே அகலத்தை 12 அங்குலத்திலிருந்து 11-ஆகக் குறைத்தது.

இதன் பலன் என்ன? 1980-களின் தொடக்கத்தில் 100 ஷாட்டுக்கு ஏறத்தாழ 12, 13 உள்ளே போகும். 2010-களின் நடுவில் அது 9-க்குக் கீழே இறங்கியது. அலெக்ஸ் ஒவெச்கின் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி தன் 895-ஆவது கோலைப் போட்டு கிரெட்ஸ்கியின் 894-ஐத் தாண்டியது இந்தச் சுவருக்கு எதிராகத்தான். இருவரின் ஆட்டக் கணக்கும் அங்கே ஒன்றுபோல அமைந்தது: கிரெட்ஸ்கி மொத்தம் ஆடியது 1487 ஆட்டம், ஒவெச்கின் அந்தக் கோலைப் போட்டதும் தன் 1487-ஆவது ஆட்டத்தில். கோல் அடிப்பவர் என்ற ஒரே கேள்வியில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஒவெச்கினைச் சொல்வேன். மொத்த ஆட்டக்காரர் என்றால் கதை வேறு. கிரெட்ஸ்கியின் 894 கோலையும் அழித்துவிட்டு வெறும் அசிஸ்ட்டை மட்டும் வைத்தாலே 1963. புள்ளிப் பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் யாரோமிர் யாகரின் மொத்தமே 1921.

கால இயந்திரத்தில் ஒரு பக்கம் மட்டும் ஏற்றுவது

"அந்தாளை அப்படியே தூக்கிட்டு வந்து இன்னைக்கு இறக்குங்க" என்பது மாப்பிள்ளையின் வாதம். மர மட்டையோடு, கனத்த சறுக்குக் காலணியோடு, கோடையில் வேறு வேலை பார்த்த உடம்போடு ஹவ்வை இறக்கினால் திணறத்தான் செய்வார். நாடாத் தறி ஓட்டியவரின் மீட்டரை நிமிஷத்துக்கு 600 பிக்குக்கு மேல் ஓடும் ஏர்ஜெட்டோடு வைத்து, ஆள் மந்தம் என்றால் சிரிக்க மாட்டார்களா? இறக்குகிறவன் இன்றைய பயிற்சி, இன்றைய சாப்பாடு, இன்றைய மட்டையையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மெக்டேவிட்டைத் தலைக்கவசம் இல்லாமல் 1955-க்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். அன்று ஒரு ஆள் ஒரே மூச்சில் இரண்டு நிமிஷம் களத்தில் நிற்பான். இன்று ஒரு ஷிப்ட் 45 விநாடிதான். (எங்களூர் ஷிப்ட் 12 மணி நேரம்.) 45 விநாடிக்கென்றே ஓடுகிறவன் வேகமாகத்தான் தெரிவான்.

உடம்பு வைத்தியம் இதில் எல்லாவற்றையும்விடப் பெரிது. பாபி ஓர் தடுப்பாட்டக்காரர். இருந்தும் 1969-70-இல் 120 புள்ளியோடு லீக்கிலேயே முதலிடம், 1974-75-இல் மறுபடியும். வேறெந்தத் தடுப்பாட்டக்காரரும் அதைச் செய்ததில்லை. முழங்கால் மூட்டில் திரும்பத் திரும்பக் கத்தி வைக்கப்பட்டு, 657 ஆட்டத்தோடு 30 வயதில் முடிந்துபோனார். மெக்டேவிட்டுக்கும் 2019 ஏப்ரலில் மூட்டுத் தசைநார் கிழிந்து எலும்பும் உடைந்தது. கத்தி வைக்காமலே தேற்றி, அக்டோபரில் முதல் ஆட்டத்திலேயே இறங்கினார். ஓரின் மூட்டுக்கு இந்த வைத்தியம் கிடைத்திருந்தால்? ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையை வைத்துத் தரம் பிரிப்பவர்கள், மருத்துவத்துக்கும் சேர்த்து மார்க் போடுகிறார்கள்.

கோப்பையை எண்ணுவது பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மொரீஸின் தம்பி ஹென்றி ரிச்சர்டிடம் 11 ஸ்டான்லி கோப்பை (லீக்கின் சாம்பியன் கோப்பை). அதில் பெரும்பாலும் லீக்கில் ஆறே அணி இருந்த காலம்; இப்போது 32. மெக்டேவிட் 2024, 2025 இரண்டிலும் இறுதிவரை போய் புளோரிடாவிடம் தோற்றார். அவரைக் குறைத்துப் பேச இது போதாது.

ஆறு அணிக் காலத்தை ஆளாளுக்குத் திரிப்பதையும் கவனியுங்கள். "120 பேருக்குத்தான் இடம், அதனால் எல்லாரும் பொறுக்கி எடுத்த முத்து" என்பார் பழைய கட்சிக்காரர். "பொறுக்கியது கனடாவிலிருந்து மட்டும்தானே" என்பார் புதிய கட்சிக்காரர். இரண்டும் சரி. 70 ஆட்டத்தில் ஐந்தே எதிரணி, ஒவ்வொன்றோடும் 14 தடவை. எதிராளியின் மட்டை நெளிவுகூட மனப்பாடம் ஆகியிருக்கும். மறுபக்கம், சோவியத்தின் கோலி விளாதிஸ்லாவ் டிரெட்யாக் என்.எச்.எல்.-இல் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 1972-இல் கனடாவின் நட்சத்திரங்களை எட்டு ஆட்டத் தொடரில் கடைசி நிமிஷம் வரை இழுத்துப் பிடித்தபோது அவருக்கு வயது 20. அதே சோவியத்தின் செர்கெய் மகாரோவ் 1989-இல்தான் வர முடிந்தது. 31 வயதில் சிறந்த புதுமுகம் என்று விருது கொடுத்தார்கள். கூத்துதான். அதற்குப் பிறகு அந்த விருதுக்கு வயது வரம்பே போட்டார்கள். இவர்களை என்.எச்.எல். ஏட்டில் தேடினால் எப்படிக் கிடைப்பார்கள்?

விதியும் எண்ணை மாற்றும். 1955 நவம்பரில் ஜான் பெலிவோ ஒரே பவர் பிளேயில் (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே உட்கார்ந்திருக்கும் நேரம்) 44 விநாடிக்குள் மூன்று கோல் போட்டார். அப்போது தண்டனை இரண்டு நிமிஷம் முழுசும் ஓடும். அடுத்த சீசனிலிருந்து, ஒரு கோல் விழுந்ததும் சின்னத் தண்டனைக்காரன் திரும்பி வரலாம் என்று மாற்றினார்கள். அந்தச் சாதனை இனிமேல் அதே வழியில் நடக்க வாய்ப்பு குறைவு.

இதையெல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டு, எல்லாக் காலத்தையும் ஒரே தரத்துக்குக் கொண்டுவந்த கணக்குகளும் உண்டு. நானும் பார்ப்பேன். ஆனால் லீக் சராசரி 10 சதவீதம் ஏறினால் நட்சத்திரத்தின் எண்ணும் சரியாக 10 சதவீதம் ஏறும் என்று அவை வைத்துக்கொள்கின்றன. சில காலத்தில் உபரி கோல்களைச் சாதாரண ஆட்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள், சில காலத்தில் இரண்டே பேர் அள்ளிக்கொள்வார்கள்.

"சரிங் மாமா, கடைசியா ஒரே ஒரு பேரு சொல்லுங்க."

"உச்சத்துல இருந்தப்பன்னா, ஓர்."

"657 ஆட்டம்தானுங்க!"

அதற்குள் போன கரண்ட் வந்துவிட்டது. உள்ளே எட்டுத் தறியும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. அவன் இன்னும் வாயை அசைத்துக்கொண்டிருந்தான், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.