சம்பளம் வாங்கிக்கொண்டே கூரை வேலை பழக

கூரை வேலையைப் பணம் கட்டிப் படிக்க வேண்டியதில்லை. தொழிற்பழகுநராகச் சேர்ந்தால் முதல் வாரத்திலிருந்தே சம்பளம் உண்டு. தேர்ந்த தொழிலாளியின் கூலியில் ஒரு பங்கில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். பயிற்சிக் காலம் பெரும்பாலும் 2 முதல் 4 ஆண்டு. இதில் பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்தான்: காலமெல்லாம் சுமை தூக்கி, குப்பை அள்ளி, கூலியும் ஒழுங்காக வாங்கி, கடைசியில் ஒரு புகைபோக்கியைச் சுற்றித் தகடு மடிக்கத் தெரியாமல் நிற்பார்கள். கூரையின் நடுப்பகுதியை யாரும் வேய்ந்துவிடலாம். ஓரங்களும் சேர்மானங்களும்தான் தொழில். அதைக் கற்றுத்தருவார்களா என்பதைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சம்பளம் ஏறும், வகுப்பு நாளுக்குச் சம்பளம் உண்டா, விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு, பாதுகாப்பு உபகரணம் யார் வாங்கித் தருவார் என்பதெல்லாம் அதில் தெளிவாக வரட்டும். மழை நாளில் கூலி உண்டா என்று கேட்க மறக்கவே கூடாது. வானம் பார்த்து நடக்கிற வேலை இது. நிறுவனம் எந்த வகைக் கூரை போடுகிறது என்பதையும் பாருங்கள். தட்டைக் கூரையில் சவ்வு, அதாவது நீர் புகாத விரிப்பு, ஒட்டுவது மட்டுமே அவர்கள் வேலை என்றால், நீங்களும் அதை மட்டுமே பழகுவீர்கள். ஓடு, உலோகத் தகடு, ஷிங்கிள் (வரிசை வரிசையாக மேல்படிய ஆணி அடிக்கும் மெல்லிய கூரைத் துண்டு) என்று இரண்டு மூன்று வகையாவது கைக்கு வரும் இடமே நல்லது. தலைசுற்றல், வலிப்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உடல் பலம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். சுவருக்கு வெளியே நீளும் பகுதியையும் சேர்த்துத் தரையளவில் 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் உள்ள இருபுறச் சரிவுக் கூரை என்று வைத்துக்கொள்வோம். வாட்டம், அதாவது சரிவு, 12-க்கு 4: கிடையாக 12 பங்கு போனால் 4 பங்கு உயரும். பாதி அகலம் 4 மீட்டருக்கு உயரம் 1.33 மீட்டர் ஏறும். சரிவு நீளம் 4.22 மீட்டர். இரு பக்கமும் சேர்ந்தால் சுமார் 84 சதுர மீட்டர். வெட்டுச் சேதத்துக்கு 10 சதவீதம் கூட்டினால் 93-ஐத் தொடும். சதுர அடியில் அது 1,000. ஷிங்கிள் பொதுவாக 100 சதுர அடிக்கு 3 கட்டு, ஆக 30 கட்டு. முகட்டுக்கும் தொடக்க வரிசைக்கும் தனியாகச் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கைத் துண்டுக் காகிதத்தில் போடத் தெரிந்த பழகுநரை மேஸ்திரி சுமை தூக்கவே வைத்திருக்க மாட்டார்.

முதல் மாதங்கள் ஏணியிலும் கயிற்றிலும் போகும். ஏணி 4 மீட்டர் உயரத்தில் சாய்ந்தால் அடி 1 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தலைப்பகுதி கூரை விளிம்புக்கு மேல் ஏறத்தாழ 1 மீட்டர் நீண்டிருக்க வேண்டும். மேல்முனையைக் கட்டிய பிறகே மற்றவர்கள் ஏறலாம். பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுவது கூடாது.

பாதுகாப்புக் கச்சை அணிந்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைப்பது புதியவர்களின் பெரிய பிழை. காலடி மட்டத்தில் கட்டிய 1.8 மீட்டர் கயிறு, அதிர்வு தாங்கி விரியும் 1.1 மீட்டர், கச்சை இழுபடும் 0.3, முதுகு வளையத்திலிருந்து கால் வரை 1.5, கைகாவலாக 0.8 என்று கூட்டிப் பாருங்கள். கீழே 5.5 மீட்டர் வெற்றிடம் வேண்டும். விளிம்பு 3.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் கயிறு பிடித்து நிறுத்தும் முன்பே தரை வந்துவிடும். அங்கே விளிம்பையே எட்டாதபடி கயிற்றைக் குறுக்க வேண்டும், அல்லது சாரமும் கைப்பிடித் தடுப்பும் கட்ட வேண்டும். விழுந்து தொங்குபவரை உடனே இறக்க வழி என்ன என்பதும் வேலை தொடங்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமெண்ட் தகட்டிலும் ஒளி புகும் தகட்டிலும் கால் வைக்காதீர்கள். ஆணி வரிசை மேல் நடந்தால் தாங்கும் என்பார்கள். தாங்காது. கல்நாரை அறுப்பதோ உடைப்பதோ பழகுநர் வேலையும் அல்ல. வெயில் நாளில் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் குடியுங்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனித் தொழில். ஷிங்கிளில் ஆணி அதற்கென்று குறித்த பட்டையில் இறங்க வேண்டும். ஒன்றுக்கு 4 ஆணி, காற்று பலமான இடத்தில் 6. ஆணித் துப்பாக்கியில் அழுத்தம் கூடினால் தலை ஷிங்கிளைக் கிழித்து உள்ளே போகும். குறைந்தால் துருத்தி நின்று மேல் வரிசையைக் குத்தும். காலையில் சரிபார்த்த அழுத்தம் நண்பகல் சூட்டில் சரியாக இருக்காது, மறுபடியும் பாருங்கள்.

உலோகத் தகட்டில் முதல் தகடுதான் எல்லாம். அது மூலைமட்டத்தில் இல்லையென்றால் விளிம்பு ரம்பப் பல்லாகிவிடும். 3-4-5 கணக்கில் (ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4 அளந்தால் குறுக்கே 5 வர வேண்டும்) செங்கோணம் பார்த்து நூல் அடித்துத் தொடங்குங்கள். காற்று அதிகம் வரும் திசைக்கு எதிர் முனையிலிருந்து போட்டு வந்தால் மேல்படியும் ஓரம் காற்றுக்கு வாய் திறக்காது. திருகாணியின் ரப்பர் வாஷர் லேசாக அமுங்கினால் போதும். பிதுங்கி வெளியே வந்தால் சில ஆண்டில் வெடித்து ஒழுகும். துளையிட்ட இரும்புத் தூளை அன்றைக்கே பெருக்கிவிடுங்கள், விட்டால் அந்த இடம் துருப்பிடிக்கும்.

ஒழுகல் பெரும்பாலும் தொடங்குவது ஃபிளாஷிங்கில், அதாவது கூரை சுவரையோ புகைபோக்கியையோ தொடும் இடத்துத் தகட்டில். விதி எளிது: மேலே உள்ளது எப்போதும் கீழே உள்ளதன் மேல் படிய வேண்டும். புகைபோக்கிக்கு முதலில் கீழ்ப்பக்கத் தகடு, பிறகு இரு பக்கமும் ஒவ்வொரு ஷிங்கிள் வரிசைக்கும் ஒரு துண்டாகப் படித்தகடு, அதன்பின் மேல்பக்கத் தகடு. கடைசியாகச் செங்கல் சாந்து இணைப்பில் காடி வெட்டிச் செருகும் மூடுதகடு. ஒரே நீளத் தகட்டை வைத்துப் பசையால் அடைப்பது சோம்பேறி வழி. பசை காயும், விரியும், தண்ணீர் வரும். ஒரே துண்டைக் கூரையிலும் சுவரிலும் சேர்த்து ஆணி அடிப்பதும் தவறு, இரண்டும் வேறு வேறாக அசைவதால் தகடு கிழியும். செம்புத் தகட்டிலிருந்து வழியும் நீர் நாகப்பூச்சுத் தகட்டில் விழும்படியும் விடாதீர்கள், அரித்துவிடும். முதலில் கெட்டி அட்டையில் மடித்துப் பழகுங்கள், பிறகு கழிவுத் தகட்டில்.

வேலைக் குறிப்பேட்டில் தேதி, கூரை வகை, வாட்டம், செய்த வேலை, மணி நேரம் எழுதி வாராவாரம் மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். மூன்று மாதப் பக்கங்களிலும் சுமை தூக்கியது மட்டுமே இருந்தால், அந்த ஏட்டையே காட்டி வேறு வேலை கேளுங்கள்.

கடைசி ஆறு மாதத்தில் ஒழுகல் கண்டுபிடிக்கும் வேலைக்கு உடன் செல்ல அனுமதி கேளுங்கள். ஒருவர் உள்ளே விளக்கோடு நிற்க, மற்றவர் குழாயால் அடிவிளிம்பிலிருந்து மேல்நோக்கிப் பகுதி பகுதியாக நனைப்பார், ஒவ்வொன்றுக்கும் 10, 15 நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரேயடியாக நனைந்து, எந்தச் சேர்மானம் விட்டது என்று சொல்லவே முடியாது.