ஒப்புதல் வாக்குமூல வழக்குகளில் ஜூனியர்கள் கோட்டைவிடும் இடங்கள்

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பதை இங்கே விளக்கப் போவதில்லை. சாட்சியச் சட்டத்தின் 25, 26 ஆகிய பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-வது பிரிவாகிவிட்டன. எண்ணை மாற்றிச் சொன்னால் நீதிபதியே திருத்திவிடுவார், கட்சிக்காரருக்கு நஷ்டமில்லை. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் புதிதாக கவுன் மாட்டுகிறவர்கள், ஒரு காலத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ரிமாண்ட் அன்று ஜாமீனை மட்டுமே நினைப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தீராத தவறு இதுதான். வயலில் பம்புசெட் மோட்டாரைக் கழற்றிய வழக்கு ஒன்று. டெல்டாவில் இதற்குக் குறைவில்லை, காப்பருக்கு நல்ல விலை. ஆளை சனிக்கிழமை ராத்திரி வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள். காகிதத்தில் கைதானது ஞாயிறு மாலை, பஸ் ஸ்டாண்டு அருகே, ‘போலீஸாரைக் கண்டதும் தப்பியோட முயன்றபோது’. அன்றிரவே, காவலில் வைக்க உத்தரவு வாங்கும் ரிமாண்டுக்காக, மாஜிஸ்திரேட் வீட்டில் ஆஜர். படியேறும்போது அவன் காலை இழுத்து இழுத்து நடந்தான். “போலீஸ் மேல ஏதாவது புகார் இருக்கா?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார். முதுகுக்குப் பின்னால் இரண்டு காவலர்கள் நிற்கும்போது என்ன சொல்வான்? “இல்லைங்கய்யா.” கூட இருந்த ஜூனியர், ஜாமீன் மனு எப்போது நம்பராகும் என்று விசாரித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பிறகு விசாரணையில் அதே ஜூனியர் எழுந்து, “அடித்துத்தானே கையெழுத்து வாங்கினீர்கள்?” என்று இன்ஸ்பெக்டரிடம் உரக்கக் கேட்டார். “இல்லை” என்றார் அவர். அரசுத் தரப்பு வக்கீலான ஏ.பி.பி. நிதானமாக ரிமாண்ட் உத்தரவை எடுத்து வாசித்தார்: ‘புகார் ஏதும் இல்லை.’ அதற்கு மேல் அடி என்ற பேச்சையே யாரும் காதில் வாங்கவில்லை. ஆளுக்குத் தண்டனை.

ஐந்து நிமிஷ வேலை அது. ரிமாண்டுக்கு முன்பு கட்சிக்காரரிடம் தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். சட்டையைத் தூக்கிப் பாருங்கள், உள்ளங்காலைப் பாருங்கள். பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் வாயால் சொன்னால் மட்டும் போதாது. நேரம் குறித்து மெமோவாகக் கொடுத்து, உத்தரவில் பதியச் சொல்லுங்கள். 2020-ல் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்த பிறகு நாடே கேட்ட கேள்வி, ரிமாண்டின்போது காயத்தை யாருமே பார்க்கவில்லையா என்பதுதான். அந்த இடத்தில் வக்கீலுக்கும் கண் உண்டு.

கைதானவரை டாக்டர் பரிசோதித்த அறிக்கையின் நகலை அவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 53-வது பிரிவு சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குகிற ஜூனியரை நான் பார்ப்பது அபூர்வம். அரசு ஆஸ்பத்திரியில் காயங்களைப் பதியும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், கிளைச் சிறையில் அடைக்கும்போது எழுதிய காயக் குறிப்பு, இரண்டுக்கும் மனுப் போடுங்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்ததாக எழுதியிருந்தாலும் சரி, முறிவு முறிவுதான். நம் ஸ்டேஷன் பாத்ரூம்கள் அப்படி வழுக்குகின்றன.

ஸ்டேஷன் சிசிடிவி பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், வசதியில்லாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நம்பிச் சும்மா இருந்தால் ‘கேமரா பழுது’ என்று பதில் வரும். ரிமாண்ட் முடிந்த கையோடு, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி மனுப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், கூட்டிப்போன நேரம். 24 மணி நேரக் கணக்கு ஆளைப் பிடித்த நொடியில் தொடங்குகிறது, கைதுக் குறிப்பில் எழுதிய நேரத்திலிருந்து அல்ல. முன்பெல்லாம் ஆளைத் தூக்கிய சேதி வந்ததும் தந்தி ஆபீஸுக்கு ஓடுவோம். அந்தத் தந்தி ரசீது எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. 2013-ல் தந்தி நின்றதோடு பழக்கமும் நின்றுவிட்டது. அதே ராத்திரி எஸ்.பி.க்கு ஒரு மின்னஞ்சல், காலையில் ஒரு ஸ்பீட் போஸ்ட் என்று குடும்பத்தாரை அனுப்பச் சொல்லுங்கள். நேரத்துக்கு அதுதான் சாட்சி.

முழு வாக்குமூலத்தையும் சாட்சிய ஆவணமாகக் குறியிட விடுவது

பொருள் கண்டெடுக்க வழிகாட்டிய வாசகம் மட்டும்தான் உள்ளே வரலாம். பழைய 27-வது பிரிவு இப்போது 23-ன் வரம்புரையாக, அதாவது விதிவிலக்காக, ஆகியிருக்கிறது. ‘ஏற்கத்தக்க பகுதி’ என்று சொல்லிவிட்டு, “நான்தான் திருடினேன்” என்ற வரியையும் சேர்த்துக் குறியிடப் பார்ப்பார்கள். அந்த நிமிஷமே எழுந்து ஆட்சேபியுங்கள். அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து, அப்போது மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன புலுகுரி கோட்டய்யா வழக்கு, 1947. அதை ஒரு முறை முழுசாகப் படியுங்கள். இதைவிட மோசம், குறுக்கு விசாரணையில் நாமே “அதில் இப்படிச் சொல்லியிருக்கிறதே” என்று கேட்டு, வர முடியாததை உள்ளே இழுத்து வருவது.

மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலத்தைப் பின்வாங்கினால் போதும் என்று நினைப்பது

போதாது. எப்போது, ஏன் பின்வாங்கினார் என்பதற்கும் காகிதம் வேண்டும்.

வி.ஏ.ஓ.வை லேசாக விட்டுவிடுவது

நம் பக்கத்துக் கொலை வழக்குகளில் அடிக்கடி வருவது இது. குற்றவாளி விடியற்காலையில் நேரே வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போய் மனம் விட்டுச் சொல்வான். அவர் எழுதி வாங்கி, ஆளையும் காகிதத்தையும் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். வி.ஏ.ஓ. போலீஸ் இல்லை, அதனால் 23 தடுக்காது. “நீங்கள் பொய் சொல்கிறீர்கள்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்தால் அந்தச் சாட்சியம் அப்படியே நிற்கும். அவனுக்கும் இவருக்கும் முன்பின் பழக்கம் உண்டா? சொந்தக்காரர்களை விட்டுவிட்டு இவரிடம் ஏன் வந்தான்? தலையாரி எங்கே இருந்தார்? பொருளைக் கைப்பற்றியதாக எழுதும் மகஜரிலும் இவரேதான் சாட்சியா? அன்று ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறந்தது? வாக்குமூலத்தில் போட்ட நேரத்தையும், அந்தக் காகிதம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் கூண்டுக்குப் போங்கள்.