மலைச்சரிவில் கோல்ஃப்: புதிதாகத் தொடங்குவோருக்கு
ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சமதரையைத் தேடாதீர்கள். சரிவில் அடிக்கத்தான் முதலில் பழக வேண்டும். வலதுகைக்காரருக்குப் பந்து பாதத்தைவிட உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் வளையும். மட்டையின் கைப்பிடியை (கிரிப்) ஓர் அங்குலம் இறக்கிப் பிடித்து, இலக்குக்குச் சற்று வலப்பக்கம் குறிவையுங்கள். பந்து தாழ்ந்திருந்தால் இடப்பக்கம் குறிவைத்து, முழங்காலை நன்றாக மடக்குங்கள். அடிக்கும்போது நிமிர்ந்தால் பந்தின் தலையில்தான் படும்.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி குறைவு. சமவெளியில் 120 மீட்டர் பறக்கும் பந்து இங்கே சுமார் 10 மீட்டர் கூடுதலாகப் போகும். காலைக் குளிர் அதில் கொஞ்சத்தைக் குறைத்துவிடும்.

விதிப்படி 14 கிளப் (மட்டை) வரை வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்துக்குத் தூரம் அடிக்க ஹைப்ரிட், அதைவிடக் குறைந்த தூரத்துக்கு 7, 9 எண் அயர்ன், மணல்குழியிலிருந்து எடுக்க சாண்ட் வெட்ஜ், குழியை நோக்கி உருட்ட பட்டர் (putter) போதும், பழையதே வாங்குங்கள். மிச்சமாகும் பணம் பயிற்சியாளருக்குப் போகட்டும்.