பித்தளை டிராகன் குட்டியைக் கேரக்டராக ஆடுவது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது பகடை போட்டு, பேசிக் கதை நடத்துகிற மேசை ஆட்டம். அதில் டிராகனை எதிரியாக நிறுத்த விதிகள் தயாராக இருக்கின்றன. அதையே ஒருவர் தன் கேரக்டராக (கதையில் தான் நடத்தும் பாத்திரமாக) எடுத்தால் கொஞ்சம் வேலை இருக்கிறது. மான்ஸ்டர் பக்கத்தில் (விதிப் புத்தகத்தில் அந்த எதிரிக்கான பக்கம்) உள்ள எண்களை அப்படியே கேரக்டர் ஷீட்டில் எழுதினால் இரண்டாவது சண்டைக்குள் ஆட்டம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மூன்று நாலு ரவுண்டில் சாகப்போகிற எதிரிக்காகப் போட்ட எண்கள் அவை. கேரக்டரோ நாள் முழுக்கச் சண்டை போடும். கீழே உள்ளவை 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை வைத்துச் சொல்பவை.

முதல் முறை ஆடுகிறவர் பித்தளை டிராகன் குட்டியை எடுப்பது நல்லது. சிவப்புக் குட்டிக்கு சேலஞ்ச் ரேட்டிங் (எதிரி எவ்வளவு கடினம் என்ற அளவு) 4, ஹிட் பாயிண்ட் (உயிர் அளவு) 75. மூன்றாம் லெவல் பார்ட்டியில் (கேரக்டர்களின் குழுவில்) அது நின்றால் மற்றவர்களுக்கு வேலையே இருக்காது. பித்தளைக் குட்டிக்கு ரேட்டிங் 1, ஹிட் பாயிண்ட் 16, ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கும் எண்) 16. அதைவிடப் பெரிய காரணம், இது பேச்சுப் பைத்தியம். வறண்ட பாலைவனத்தில் வாழும், வழிப்போக்கரைப் பிடித்து வைத்துக் கதை கேட்கும். பேசாமல் தப்பப் பார்ப்பவரைத் தூங்கவைத்து, கழுத்துவரை மணலில் புதைத்துவிட்டு, விழித்ததும் பேச்சைத் தொடர்கிற இனம். மேசையில் உட்கார்ந்து பேசுகிற ஆட்டத்துக்கு இதைவிடத் தோதான டிராகன் கிடையாது.

எண்களைச் சரிசெய்தல்

மூன்றாம் லெவலில் தொடங்குங்கள். ஹிட் டை (ஹிட் பாயிண்ட்டைக் கணக்கிடும் பகடை) எட்டுப் பக்கம் என்று வைத்துக்கொண்டால், கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) +1 சேர்த்து, சராசரிக் கணக்கில் 21 ஹிட் பாயிண்ட் வரும். கடி 1டி10+2 (ஒரு பத்துப் பக்கப் பகடை, கூட 2), அப்படியே இருக்கட்டும். ஐந்தாம் லெவலில் ஃபைட்டருக்கு (போர்வீரர் கேரக்டருக்கு) இரண்டாவது அடி கிடைக்கும்போது டிராகனுக்கும் 1டி6 நகக்கீறல் ஒன்று கொடுங்கள். கவசமும் கேடயமும் வேண்டாம். பதிலாக ஐந்திலும் ஒன்பதிலும் ஆர்மர் கிளாஸ் ஒவ்வொன்று ஏறட்டும்.

சிக்கல் வருவது டிராகன் ஊதித் தாக்கும் மூச்சில்தான். மான்ஸ்டர் விதிப்படி ஒவ்வொரு டர்னின் (தன் முறை வருவதன்) தொடக்கத்திலும் பகடை போட்டு 5 அல்லது 6 விழுந்தால் மூச்சு திரும்பி வரும். நான்கு ரவுண்ட் சண்டையில் சராசரியாக இரண்டு முறை ஊதலாம். ஒரு நாளில் ஆறு சண்டை என்றால் பன்னிரண்டு முறை. அதே லெவலில் இருக்கும் விஸார்ட் (மந்திரவாதி) ஸ்பெல் ஸ்லாட்டை, அதாவது இன்னும் எத்தனை மந்திரம் போடலாம் என்பதை, எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆகவே திரும்பி வரும் பகடையை எடுத்துவிட்டு, ஒரு லாங் ரெஸ்ட்டுக்கு (நீண்ட ஓய்வுக்கு) பிராஃபிஷியன்சி போனஸ் (லெவலோடு ஏறும் தேர்ச்சி எண்) அளவு என்று வையுங்கள். மூன்றாம் லெவலில் இரண்டு முறை, ஐந்தில் மூன்று முறை. நெருப்பு மூச்சு 20 அடி நீளம், 5 அடி அகலம். அதாவது கட்டத்தில் நேராக நாலு சதுரம், பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் மாட்டுவார்கள். டேமேஜ் மூன்றாம் லெவலில் 3டி6, ஐந்தில் 5டி6, எட்டில் 6டி6, பதினொன்றில் 8டி6. எதிரி டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவிங் த்ரோவில் (தப்பிக்கப் போடும் பகடையில்) தப்பினால் பாதி. த்ரோவின் இலக்கு 8 + பிராஃபிஷியன்சி + கான்ஸ்டிடியூஷன். தொடக்கத்தில் 11 வரும், மான்ஸ்டர் பக்கத்தில் இருப்பதும் அதே 11.

தூக்க மூச்சு நெருப்பைவிட ஆபத்தானது, பலரும் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். 15 அடிக் கூம்புக்குள் த்ரோவில் தோற்ற எல்லாரும் ஒரு நிமிடம் மயங்கிக் கிடப்பார்கள். மயங்கியவரை ஐந்து அடிக்குள் நின்று அடித்தால் அட்வான்டேஜ் (இரண்டு பகடை போட்டுப் பெரியதை எடுப்பது) உண்டு, பட்டால் கிரிட்டிகல் (டேமேஜ் பகடை இரட்டிப்பு). ஒரே மூச்சில் சண்டை முடிந்துவிடும். இதை லாங் ரெஸ்ட்டுக்கு ஒரே முறை என்று வையுங்கள். மயங்கியவர் ஒவ்வொரு டர்னின் முடிவிலும் மறுபடி த்ரோ போடட்டும்.

நெருப்பு பாதிக்கவே பாதிக்காது என்பதைப் பத்தாம் லெவல்வரை பாதி டேமேஜ் என்று குறைத்துவிடுங்கள். குறைக்காவிட்டால் டிராகன் கூட்டத்துக்குள் பாயும், விஸார்ட் அதன் தலைமேலேயே ஃபயர்பால் (நெருப்புப் பந்து மந்திரம்) போடுவார், ஒவ்வொரு சண்டையும் இப்படியே முடியும்.

பறப்பது

டிரூயிட் (விலங்காக உருமாறும் கேரக்டர் வகை) பறவையாக மாற எட்டாம் லெவல்வரை காத்திருக்க வேண்டும். டிராகன் குட்டி முதல் நாளே ஒரு டர்னில் 60 அடி பறக்கும். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) இதை நினைத்துப் பயப்படுவார், ஆனால் விதியிலேயே கடிவாளம் இருக்கிறது. கடிக்க ஐந்து அடிக்குள் இறங்கியாக வேண்டும். கடித்துவிட்டு ஏறினால் எதிரிக்கு ஆபர்ச்சுனிட்டி அட்டாக் (விலகிப் போகிறவர்மேல் கூடுதல் அடி) கிடைக்கும், ஏனென்றால் பறந்தபடியே அடித்துவிட்டு நழுவும் திறமை டிராகனுக்கு இல்லை. வலையில் சிக்கி வேகம் பூஜ்யமானால் கீழே விழும். பத்து அடிக்கு 1டி6 வீதம் 60 அடிக்கு 6டி6, சராசரி 21. மூன்றாம் லெவல் குட்டியின் மொத்த ஹிட் பாயிண்ட்டும் அதுதான். வலை வீசி எட்டும் தூரம் 15 அடிதான் என்பதால், தாழப் பறக்கிற தருணத்தில் இரண்டு பேர் வலையோடு காத்திருந்தாலே போதும், ஆட்டக்காரர் உயரத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்குவார்.

மண்ணுக்குள் 15 அடி தோண்டிப் போகும் வேகமும் இதற்கு உண்டு. மணல், மண் சரி. கெட்டிப் பாறைக்குள் போகாது.

உடம்பை மறக்காதீர்கள்

டிராகன் கேரக்டர் சிறகு ஒட்டிய மனிதனாகிவிடுவது அடிக்கடி நடக்கும். இதைத் தடுக்க, என்னென்ன முடியாது என்பதை செஷன் ஸீரோவிலேயே (ஆட்டம் தொடங்குமுன் கூடிப் பேசும் அமர்வில்) பேசி எழுதிவிடுங்கள். முன்னங்காலால் பொருளைப் பற்றித் தூக்கலாம். பூட்டைத் திறக்கும் கம்பியைப் பிடிக்க முடியாது. போஷன் குப்பியின் மூடியை வேறொருவர் திறந்து வாயில் ஊற்ற வேண்டும். சார்ம் பர்ஸன், ஹோல்ட் பர்ஸன் போன்ற மந்திரங்கள் மனித வகைக்கு மட்டும் என்பதால் டிராகனைத் தொடாது. ஆனால் டிராகன்ஸ்லேயர் வாள் கூடுதலாக 3டி6 வெட்டும். இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஊருக்குள் போனால் எல்லாரும் டிராகனிடமே பேசுவார்கள், மற்ற மூவரும் அதன் பரிவாரம்போல நிற்பார்கள். உருவம் மாற்றும் திறமை பித்தளை இனத்தில் மிக முதிர்ந்த (ஏன்ஷியன்ட்) டிராகனுக்குத்தான் வரும், அதற்கு எண்ணூறு வயது தாண்ட வேண்டும். ஆகவே தொடக்க ஊரில் இந்தக் குட்டியை ஏற்கெனவே தெரியும் என்று வைத்துவிடுங்கள்: சந்தைக்காரர்கள் சலித்துப்போய், “வந்துட்டியா, இன்னைக்கு யாரைப் பிடிச்சு வெச்சிருக்க?” என்று கேட்கிற அளவுக்கு. புது ஊருக்குப் போகும்போது மட்டும் அதன் வருகை ஒரு காட்சியாகட்டும்.

புதையல்தான் குணம்

பங்கு பிரிக்கும்போது “நான் டிராகன், தங்கம் எனக்கு” என்று ஒருவர் ஆரம்பித்தால் பார்ட்டி உடைந்துவிடும். பித்தளை டிராகனுக்கு மிகவும் பிடித்தது வாய் உள்ள பொருள்கள்: பேசும் விளக்கு, குப்பிக்குள் அடைபட்ட ஜின்னி. ஆகவே தங்கத்தைச் சமமாகப் பிரித்துவிட்டு, டிராகனுக்கென்று தனிப் பட்டியல் வையுங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி: பொருள், யாரிடம் கிடைத்தது, அது சொன்ன கதை. கதை இல்லாத பொருள் பட்டியலில் ஏறாது. எதிரி ஒருவனைக் கொல்வதற்கு முன் அவனைப் பேசவைக்க ஆட்டக்காரர் தானாகவே முயல்வார். டிஎம்முக்கும் துப்பு கொடுக்க ஒரு வாசல் திறக்கும். இந்த ஒரு நோட்டு எந்தக் குரல் மாற்றத்தையும்விட அந்தக் கேரக்டரை டிராகனாக்கும்.

கதையைக் கறக்கிற அந்த ஆர்வம் மற்றவர்களின் நேரத்தைத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது ஆட்டக்காரரின் பொறுப்பு. ஒரு காட்சியில் இரண்டு கேள்வி, அதற்குப் பிறகு பக்கத்தில் இருப்பவரை இழுத்துவிடுங்கள்: “இவளுக்கு இதைப் பத்தி உன்னைவிட நல்லாத் தெரியும், கேளு.”

வளர்ச்சி

ஐந்து வயதுவரை குட்டி, ஆறு முதல் நூறுவரை இளசு. பெரும்பாலான கேம்பெயின்கள் (பல நாள் தொடரும் கதைகள்) ஆட்ட உலகத்தில் ஓரிரு வருடத்துக்குள் முடிந்துவிடும், ஆகவே வயதையும் லெவலையும் கோத்துக் கட்டாதீர்கள். இளசானால் அது பத்து அடிச் சதுரத்தை அடைத்துக்கொள்ளும். ஐந்து அடி நடைபாதையில் நசுங்கி நகரும்போது வேகம் பாதி, அதன் அடிக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் சின்னதை எடுப்பது), அதன்மேல் விழும் அடிக்கு அட்வான்டேஜ். குகைகளுக்குள் நடக்கும் கதை என்றால் கடைசிவரை குட்டியாகவே வைத்திருங்கள். திறந்த பாலைவனத்தில் நடக்கும் கதை என்றால் எட்டாம் லெவலில் பெரிதாக்கலாம். அப்போதும் மேலே சொன்ன மூச்சு, ஹிட் பாயிண்ட் கணக்கே தொடரட்டும், மான்ஸ்டர் பக்கத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள்.